காய்ச்சலின் மாணவர்கள்

2006 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 18 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியானது. நான்கு வயதுக் குழந்தை முதல் முப்பதைத் தாண்டியவர்வரை அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நோய். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ உடம்பெங்கும் தடிப்பு கிளம்பும். காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். மூட்டுகள் உருக்குலையும். மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி ஓயாமல் நீடித்து, காதும் கண்ணும் மெல்ல மெல்லப் பழுதாகும். சுருக்கப் பெயராக இதை ‘நோமிட்’ என்பார்கள். ஸ்டீராய்டு கொடுத்துக் கொஞ்சம் தணிப்பதைத் தவிர மருத்துவர்களிடம் பெரிதாக வேறு வழி இருக்கவில்லை. அனகின்ரா என்ற ஊசியைத் தினந்தோறும் போடத் தொடங்கியதும் 18 பேருக்கும் சில நாட்களிலேயே தடிப்பு மறைந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள் மளமளவென்று இறங்கின.

அந்த மருந்து இந்த நோய்க்கென்று செய்யப்பட்டதல்ல. கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி உயிருக்குப் போராடியவர்களிடம் 1990களின் முற்பகுதியில் அதைச் சோதித்துப் பார்த்து, எதிர்பார்த்த பலன் இல்லாமல் ஏமாந்தார்கள். பிறகு 2001இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தடுக்கும் மூலக்கூறின் பெயர் இன்டர்லூக்கின்-1. காய்ச்சலை உண்டாக்கும் அந்தப் பொருளை மனித வெள்ளையணுக்களிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய கட்டுரை 1977இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர், அப்போது முப்பதுகளில் இருந்த சார்லஸ் டினரெல்லோ என்ற மருத்துவர். 1977ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., தான் அந்த இடம்.

இடையில் கிடக்கும் 29 ஆண்டுகளை ஒரு மருந்தின் வரலாறாக எழுதலாம்; பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த ஆண்டுகளில் யார் யாரிடம் பயின்றார்கள், எதைப் பயின்றார்கள் என்பது. நோயாளியின் படுக்கையருகே எழும் கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அங்கே கிடைக்கும் விடையைத் திரும்ப நோயாளியிடம் கொண்டுவரும் வேலையை இன்று ‘டிரான்ஸ்லேஷனல் இம்யூனாலஜி’ என்கிறார்கள். அதற்கு இளம் விஞ்ஞானிகளைத் தயார்செய்ய உலகெங்கும் பட்டயப் படிப்புகளும் பயிலரங்குகளும் கோடைப் பள்ளிகளும் நடக்கின்றன. அவற்றால் பயன் உண்டு. ஆனால் பெதெஸ்டாவில் காய்ச்சலை ஆராய்ந்தவர்களின் வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று புலப்படும். அங்கே ஆட்களை உருவாக்கியதில் பாடத்திட்டத்தின் பங்கு சிறிது. தீராத ஒரு கேள்வி, அதன் நோயாளிகளோடும் குளிர்பெட்டியில் காத்த ரத்த மாதிரிகளோடும் சேர்ந்து, ஆசிரியரிடமிருந்து மாணவரிடம் கைமாறியிருக்கிறது. பயிற்சி நடந்தது அந்தக் கைமாற்றத்தில்தான்.

என்.ஐ.எச். வளாகத்தின் 10ஆம் எண் கட்டடம் 1953 ஜூலையில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. அங்கே வரும் ஒவ்வொருவரும் ஏதாவதொரு ஆராய்ச்சியில் பங்கேற்பவர். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கட்டடத்தை வடிவமைத்தவர்கள் செய்த ஒரு காரியம் பின்னால் பெரும் விளைவுகளைத் தந்தது. நோயாளிகளின் வார்டுகளையும் ஆய்வகங்களையும் அடுத்தடுத்து, சில தப்படி தொலைவில் அமைத்தார்கள். காலையில் ஒருவரின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அதே மருத்துவர் நடந்துபோய்ச் சோதிக்கலாம். சோதனை முடிவு புரியாவிட்டால் மாலையில் திரும்பி வந்து அந்த நோயாளியிடமே, காய்ச்சல் எப்போது ஏறியது, வயிற்றுவலி அதற்கு முன்பா பின்பா என்று கேட்கலாம். நோயாளியைத் தெரிந்தவருக்கும் மாதிரியைத் தெரிந்தவருக்கும் நடுவே காகிதப் படிவம் ஒன்றுதான் உறவு என்றிருக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சில தப்படிகளின் மதிப்பு தெரியும்.

அந்தக் கட்டடத்தை இளைஞர்களால் நிரப்பியது போர். 1950களிலிருந்து 1973வரை அமெரிக்காவில் மருத்துவர்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். பொதுச் சுகாதாரச் சேவையில் இரண்டாண்டு பணியாற்றினாலும் அந்தக் கடமை தீரும், என்.ஐ.எச்.சில் ‘அசோசியேட்’ ஆகச் சேர்வது அதற்கொரு வழி. வியட்நாம் போர் உக்கிரமானபோது நாட்டின் மிகச் சிறந்த இளம் மருத்துவர்கள் அந்த இடங்களுக்குப் போட்டி போட்டார்கள். ‘மஞ்சள் தொப்பிக்காரர்கள்’ என்ற ஏளனப் பெயரும் அவர்களுக்கு இருந்தது. 1968ஐ ஒட்டி வந்து சேர்ந்தவர்களில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், ஹரால்ட் வார்மஸ் ஆகிய நால்வர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏற்பாட்டில் அநீதி இருந்தது. சக வயதினர் போர்முனையில் செத்துக்கொண்டிருந்தபோது வாய்ப்பு வாய்த்தவர்களுக்குக் கிடைத்த புகலிடம் அது. கட்டாயச் சேவை ஆண்களுக்கே என்பதால் உள்ளே வந்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்க மட்டுமே பழகிய இருபத்தேழு, இருபத்தெட்டு வயது மருத்துவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பிற பொறுப்புகளிலிருந்து விடுவித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் உட்காரவைத்தால் என்ன விளையும் என்பதை அது காட்டிவிட்டது. வேறெந்தத் திட்டமும் அவ்வளவு பெரிய அளவில் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

ஒவ்வாமை, தொற்றுநோய்களுக்கான பிரிவில் ஷெல்டன் வுல்ஃப் என்பவர் 1960இலிருந்து இருந்தார். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருபவர்கள், வெள்ளையணுக்கள் சரியாக வேலை செய்யாதவர்கள், ரத்தக்குழாய்கள் அழற்சியில் அழுகுபவர்கள் என்று மற்ற மருத்துவமனைகள் கைவிரித்தவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரச்சொன்னார். 1968இல் அவரிடம் சேர்ந்த அந்தோனி ஃபௌச்சிக்குக் கிடைத்தவர்கள் ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகள். வெகெனர் நோய் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த நோயில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். அதே கட்டடத்தில் புற்றுநோய் வார்டுகளும் இருந்தன. அங்கே கீமோதெரபி பெறுபவர்களுக்குத் தொற்று வந்தால் ஆலோசனைக்கு ஃபௌச்சியைக் கூப்பிடுவார்கள். புற்றுநோய் மருந்துகள் நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கிவிடுவதை அந்த வார்டுகளில் கண்ணால் பார்த்தவர், அதே மருந்தைச் சிறிய அளவில் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1983இல் அந்தக் குழு 85 நோயாளிகளைப் பற்றி எழுதியது: சைக்ளோபாஸ்ஃபமைடும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்ததில் 93 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியிருந்தது.

இந்த வெற்றியைவிடப் பயிற்சிக்கு உதவும் பாடம் அதற்குப் பின் வந்தது. 1992இல் அதே குழு 158 நோயாளிகளின் நீண்டகாலக் கணக்கை வெளியிட்டது. உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு நோய் திரும்பியது. மருந்தால் கடுமையான தொற்றுகள் வந்தன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பொதுமக்களிடம் காணப்படுவதைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. தாங்கள் நிலைநாட்டிய சிகிச்சையின் தீங்கைத் தாங்களே எண்ணி எழுதுவதற்கு, அந்த நோயாளிகளை இருபதாண்டுகள் விடாமல் பார்த்திருக்க வேண்டும். இளம் விஞ்ஞானி கற்க வேண்டிய திறன்களின் பட்டியல்களில் இதை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

டினரெல்லோவுக்கு வுல்ஃபிடமிருந்து கிடைத்தது காய்ச்சல். வெள்ளையணுக்கள் ஏதோவொரு பொருளைச் சுரப்பதால் காய்ச்சல் வருகிறது என்பது முன்பே தெரியும். அது ஒரு தனி மூலக்கூறா, பல பொருள்களின் கலவையா என்பதில் சந்தேகம் இருந்தது. முயலுக்கு ஊசி போட்டு அதன் உடல்வெப்பம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் அன்றைய சோதனை முறை. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று எண்ணத்தக்க அளவே முயலுக்குக் காய்ச்சலை வரவழைத்ததைப் பலர் நம்பவில்லை. மாசு கலந்திருக்கும் என்றார்கள். 1984இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படியெடுத்த பிறகே சந்தேகங்கள் அடங்கின.

வுல்ஃபிடம் இருந்த ஆண்டுகளில் டினரெல்லோ இன்னொரு வேலையும் செய்தார். ஆர்மீனியர், யூதர், துருக்கியர், அரபியர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு காய்ச்சல் உண்டு. இரண்டு மூன்று நாட்கள் கடும் காய்ச்சலும் வயிற்றுவலியும் அடித்துப்போட்டுவிட்டுத் தானாகவே விலகும்; சில வாரங்களில் திரும்பும். மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்று பெயர். குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணி வயிற்றைக் கிழித்துப் பார்க்கப்பட்டவர்கள் ஏராளம். பல ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு இறப்பவர்களும் உண்டு. 1972இல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர், கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கால்சிசின் இந்தக் காய்ச்சலைத் தடுப்பதாகத் தெரிகிறது என்று ஒரு சிறு கடிதம் எழுதினார். (ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு பயிரிட்டு விதையை ஏற்றுமதிக்கு விற்பது இந்தக் கால்சிசினுக்காகத்தான். செங்காந்தள் என்று நாம் மாநில மலராக வைத்திருப்பதும் அதே கொடியின் பூவைத்தான்.) டினரெல்லோவும் வுல்ஃபும் கோல்ட்ஃபிங்கருடன் சேர்ந்து, மருந்து எது வெற்று மாத்திரை எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் அதைச் சோதித்து 1974இல் உறுதிசெய்தார்கள். மருந்து வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த ‘ஏன்’ தான் கைமாறியது. 1985இல் டேனியல் காஸ்ட்னர் என்ற இளைஞர் மூட்டுநோய்ப் பயிற்சிக்காகப் பெதெஸ்டா வந்தார். பிரின்ஸ்டனில் தத்துவம் படித்தவர். பிறகு மருத்துவமும் முனைவர் பட்டமும் ஒருசேர முடித்தவர். வந்த சில மாதங்களில், விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும் ஆர்மீனிய வம்சாவளி நோயாளி ஒருவரைப் பார்த்தார். மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்று கண்டுபிடித்தார். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் அந்த நோயின் மரபணுவைத் தேடப் புறப்பட்டார். இஸ்ரேல் சென்று குடும்பம் குடும்பமாக ரத்த மாதிரி சேகரித்தார். 1992இல் 16ஆம் குரோமோசோம்வரை வந்தார்கள். 1997இல்தான் மரபணு அகப்பட்டது. பிரெஞ்சுக் குழுவொன்றும் அதே சமயத்தில் அதை அடைந்தது. முதல் நோயாளியிலிருந்து மரபணுவரை 12 ஆண்டுகள்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் இளம் ஆய்வாளர் ஒரே கேள்வியோடு இருக்க எந்த நிறுவனம் இடம் கொடுக்கும்? என்.ஐ.எச்.சின் உள் ஆய்வகங்களில் அது முடிந்ததற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளி வல்லுநர்கள் வந்து மதிப்பிடுவார்கள். இனி என்ன செய்யப்போகிறேன் என்ற வாக்குறுதியைவிட இதுவரை என்ன செய்தோம் என்பதையே அவர்கள் எடைபோடுவார்கள். மூன்றாண்டு மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுபவர், மூன்றாண்டில் முடியக்கூடிய கேள்வியைத்தான் கேட்பார். அவரிடம் பயிலும் மாணவரும் அத்தகைய கேள்விகளையே கேட்கப் பழகுவார். ஒரு மாணவருக்கு எந்த அளவு கேள்வி கேட்கத் துணிவு வரும் என்பதைப் பெருமளவு முடிவுசெய்வது பணம் தரும் முறைதான் என்று நினைக்கிறேன்.

1999இல் காஸ்ட்னர் குழுவும் கூட்டாளிகளும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வம்சக் குடும்பங்களில் வரும் இன்னொரு காய்ச்சலின் மரபணுவைக் கண்டார்கள். உடலின் கற்றறியும் எதிர்ப்பு அணுக்கள் தவறிப்போய்ச் சொந்தத் திசுவைத் தாக்கும் நோய்களிலிருந்து இவை வேறுபட்டவை என்று வாதிட்டார்கள். பிறவியிலேயே உள்ள முதல்நிலைக் காவல், எதிரி இல்லாமலேயே அபாயமணி அடிப்பதால் வருபவை இவை. ‘தன்னழற்சி நோய்கள்’ என்று ஒரு புதிய வகை உருவானது. 2001இல் சான் டியேகோவில் ஹால் ஹாஃப்மன், குளிர் பட்டால் தடிப்பும் காய்ச்சலும் வரும் குடும்பங்களிலிருந்து கிரையோபைரின் மரபணுவைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தில் யூர்க் சாப்பின் ஆய்வகம், அழற்சியைத் தூண்டும் புரதக் கூட்டமைப்பு இன்டர்லூக்கின்-1ஐ எப்படி விடுவிக்கிறது என்று காட்டியது. லண்டனில் ஃபிலிப் ஹாக்கின்ஸ் 2003இல் அனகின்ராவை இந்த வகை நோயொன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆக, எல்லாம் ஒரே இடத்தில் நடந்துவிடவில்லை. ஆனால் நோமிட் நோயாளிகளை ஒன்றுதிரட்டி, மூளைவரை சோதித்து, மருந்தின் விளைவை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் வசதி 10ஆம் எண் கட்டடத்தில் இருந்தது.

அந்த வேலையை நடத்திய ரஃபேலா கோல்ட்பாக்-மான்ஸ்கி ஜெர்மனியில் மருத்துவம் படித்து, பெதெஸ்டாவில் பயின்றவர். அவருடைய ஆய்வில் ஒரு கட்டம் உண்டு. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே 11 பேருக்கு அதை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் சில நாட்களில் நோய் திரும்பியது. மருந்தை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. மருந்தால்தான் குணம் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இவ்வளவு அரிதான நோயில் கிடைக்காது. ஆனால் முதன்முதலாகத் தூங்கி எழுந்து விளையாடத் தொடங்கிய குழந்தையின் தாயிடம், ஊசியைச் சில நாட்கள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்பது எளிதல்ல. எத்தனை நாள், எந்த அறிகுறியில் மறுபடி தொடங்குவது, யார் பக்கத்தில் இருப்பது என்பதையெல்லாம் முன்கூட்டித் தீர்மானித்து, அந்தத் தாய் மறுத்தால் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு கேட்க வேண்டும். இதை ஒழுக்கநெறி வகுப்பில் சொல்லித்தர முடியும். கைவர வேண்டுமானால் அப்படிக் கேட்கும் மூத்தவர் ஒருவரின் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

2009இல் அதே கிளினிக்கிலிருந்து இன்னொரு நோய் வெளிப்பட்டது. இன்டர்லூக்கின்-1ஐ இயற்கையாகவே தடுக்கும் புரதம் பிறவியிலேயே இல்லாத ஒன்பது குழந்தைகள். எலும்பிலும் தோலிலும் சீழ் கோத்து, கிருமியால் வந்த நோய் என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்கள். அனகின்ரா என்பது அந்தப் புரதத்தின் மாற்றுருவமே என்பதால், இல்லாததை ஊசியாகப் போட்டார்கள். கால்சிசின் ‘ஏன்’ வேலை செய்கிறது என்பதற்கான விடை 2016இல், காஸ்ட்னரின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. 1974இலிருந்து கணக்கிட்டால் 42 ஆண்டுகள்.

ஆய்வகத்திலிருந்து நோயாளிக்குப் போகும் வழியில் எலி நிற்கிறது. அதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நோயெதிர்ப்பியலின் அடிப்படை அறிவில் பெரும்பகுதி சுண்டெலிகளிடமிருந்து வந்தது. கிருமி அண்டாத கூண்டில், ஒரே வம்சத்தில் வளரும் எலியின் எதிர்ப்பு அணுக்கள் மனிதரில் பச்சிளங் குழந்தையினுடையதை ஒத்திருக்கின்றன என்றும், செல்லப்பிராணிக் கடை எலிகளோடு சேர்த்து வளர்த்தால்தான் வளர்ந்த மனிதரை ஒத்த நிலைக்கு வருகின்றன என்றும் 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு 2006 மார்ச் 13 சாட்சி. லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு முதன்முறையாகச் செலுத்தினார்கள். விலங்குகளிடம் பாதுகாப்பானதாகத் தெரிந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் அது. ஒருவருக்குப் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உடலின் எதிர்ப்புச் சமிக்ஞைகள் கட்டுமீறிப் பெருகி உறுப்புகள் செயலிழந்தன. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களை இழந்தார். மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பி, மனிதரின் நினைவு அணுக்களில் இருக்கிறது, சோதனைக் குரங்குகளின் அதே அணுக்களில் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. இன்று புதிய மருந்தை மனிதரில் தொடங்கும்போது, விலங்கில் தீங்கு செய்யாத உச்ச அளவைப் பார்ப்பதோடு நில்லாமல், மனித அணுக்களில் ஏதேனும் விளைவு தெரியத் தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து கணக்கிடச் சொல்கிறார்கள். முதல் ஆளுக்குப் போட்டபின் காத்திருக்கச் சொல்கிறார்கள். என் கருத்தில் இந்தத் துறைக்கு வரும் எந்த மாணவரும் அந்த நாளின் விசாரணை அறிக்கையை முழுதாகப் படிக்காமல் ஒரு மருந்தையும் தொடக் கூடாது.

பெதெஸ்டாவின் கதை அரிய நோய்களின் கதை. பணமும் படுக்கையும் தாராளமாக இருந்த இடத்தின் கதை. பொதுவான நோயில், நெருக்கடியான ஊரில், இதே கைமாற்றம் நடந்திருக்கிறதா என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் 1970களில் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார். மேலைநாட்டில் மூன்று முறை கொடுத்தால் போதுமான போலியோ சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைகளில் கணிசமானோருக்கு அதே அளவில் பலிக்கவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும், குளிர்பெட்டி சரியில்லை என்பதுதான் வழக்கமான விளக்கம். அவர் மருந்தைச் சந்தேகிப்பதோடு நிற்கவில்லை; நம் குழந்தைகளின் குடலில் ஏதோ நடக்கிறது என்றார். அந்தக் கல்லூரியிலேயே எம்.பி.பி.எஸ்., எம்.டி., முனைவர் பட்டம் மூன்றும் படித்து வந்தவர் ககன்தீப் காங். அவர் தலைமையில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸிலும் அதே கேள்வியைத் தொடரும் ஆய்வு வளர்ந்தது.

வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் 2002 முதல் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு இருமுறை களப்பணியாளர் வீட்டுக்குப் போவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி எடுப்பார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும். 373 குழந்தைகள் மூன்றாண்டை முடித்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதத்துக்குள்ளேயே 56 விழுக்காட்டுக் குழந்தைகளை வைரஸ் தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றியபின்னும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். 1996இல் மெக்சிகோ நகரக் குழந்தைகளிடம் நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு தொற்றுக்குப்பின் அத்தகைய நோய் அறவே வரவில்லை. இயற்கையான தொற்றே இங்கே அரைகுறையாகத்தான் காக்கிறது என்றால், அதைப் போலச் செய்யும் சொட்டு மருந்திடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. டெல்லி எய்ம்ஸில் 1980களின் மத்தியில் நோயில்லாப் பச்சிளங் குழந்தைகளிடம் எம். கே. பான் குழுவினர் கண்ட வைரஸிலிருந்து உருவான ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து, டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடும் நோயைச் சுமார் 55 விழுக்காடு தடுத்தது. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் தரும் 85 விழுக்காட்டுக்கு முன் அது குறைவாகத் தெரியலாம். வேலூர்க் குடியிருப்புகளைப் படித்தவருக்கு அந்த எண்ணின் பொருள் புரியும். 2016இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

அந்தக் களத்தில் பயின்றவர்கள் கற்றது எதை? மாதிரியைக் கையாளும் நுட்பம் எந்த நல்ல ஆய்வகத்திலும் கிடைக்கும். வாரம் இருமுறை கதவைத் தட்டினாலும் மூன்றாண்டுகள் ஒரு தாய் சலிக்காமல் கதவு திறக்கும்படி நடந்துகொள்வது எப்படி என்பது வேறெங்கும் கிடைக்காது. குழந்தைக்கு வேறு நோய் வந்தாலும் பார்க்க வேண்டும். பேசியதைச் செய்ய வேண்டும். முடிவை அந்தக் குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டும். முதுநிலை மாணவரும் புள்ளிவிவர வல்லுநரும் களப்பணியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விடுபட்ட மாதிரிகளைக் கணக்குப் பார்க்கும் பழக்கமும் அப்படித்தான் வரும். இந்தக் களப்பணியாளர்களை நாம் விஞ்ஞானப் பயிற்சியின் வட்டத்துக்குள் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும்.

இந்தியாவில் எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதுகிறார்கள். புறநோயாளிப் பிரிவில் நாள் முழுதும் நின்றபின் இரவில் எழுதுவது அது. நல்ல கேள்வி தோன்றினாலும் அதைத் தொடர நேரம் ஒதுக்கிய வேலை அரிது. ஆய்வகப் பக்கத்திலோ, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் ஒப்பந்த ஆய்வாளர்கள். அவர்கள் போகும்போது குளிர்பெட்டியிலுள்ள குப்பிகளின் கதையும் போய்விடுகிறது. இது நம் குறை மட்டுமல்ல. மருத்துவ ஆய்வாளர் என்ற இனமே அருகிவருகிறது என்று, பின்னாளில் என்.ஐ.எச். இயக்குநரான ஜேம்ஸ் வின்கார்டன் 1979லேயே எச்சரித்தார். கட்டாயச் சேவை நின்று ஆறாண்டுதான் ஆகியிருந்தது. 2014இல் என்.ஐ.எச். குழு கணக்கிட்டபோது அமெரிக்க மருத்துவர்களில் ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்டவர்கள் 1.5 விழுக்காடு. இந்தியாவில் 2008இலிருந்து இந்தியா அலையன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு மருத்துவர்களுக்கென்றே ஐந்தாண்டு ஃபெல்லோஷிப்புகளைத் தருவது நல்ல தொடக்கம். அதைப் பெறுபவரின் மருத்துவமனை அவருடைய நேரத்தை உண்மையில் விடுவிக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும்.

பழைய மாதிரிகளையும் விவரங்களையும் காத்து வைப்பது என்ன தரும் என்பதற்குப் பெதெஸ்டாவிலிருந்தே இன்னொரு சான்று. டேவிட் பெக் என்ற இளம் மருத்துவர் காஸ்ட்னரிடம் பயிலும்போது வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். அறிகுறியில் தொடங்காமல், காரணம் புலப்படாமல் ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் கிடந்த 2,560 பேரின் மரபணுத் தொகுப்பில் தொடங்கினார். பிறவியில் வராமல், வயதான பிறகு எலும்பு மஜ்ஜையின் அணுக்களில் தோன்றும் ஒரு மரபணு மாற்றம் அதில் சிக்கியது. காய்ச்சல், குருத்தெலும்பு அழற்சி, ரத்தசோகை என்று வெவ்வேறு மருத்துவர்களிடம் வெவ்வேறு பெயரில் அலைந்த 25 ஆண்களுக்கு ஒரே நோய் என்று 2020இல் எழுதினார்கள். ‘வெக்சஸ்’ என்று பெயரிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருக்கலாம் என்று 2023இல் பென்சில்வேனிய மக்களிடம் நடந்த ஆய்வு சொன்னது. அரிய நோய் என்று நினைத்தது அவ்வளவு அரிதல்ல.

வேலூரின் கேள்வி இன்னும் தீரவில்லை. குடலிலுள்ள கிருமிகளைக் குறைத்தால் சொட்டு மருந்து நன்றாகப் பலிக்குமா என்று பார்க்கக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துச் சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவு, கிருமிகள் குறைந்தன, போலியோ மருந்தின் பலன் கூடவில்லை என்பது. சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்குப் பின்னர் ஓர் ஊசி போலியோ மருந்து கொடுத்தால் குடலின் பாதுகாப்பு வலுப்பெறும் என்று 2014இல் அங்கேயே காட்டியிருந்தார்கள். அது உலகப் போலியோ கொள்கைக்கு வலுச்சேர்த்தது. இந்தியா, மலாவி, பிரிட்டன் மூன்று நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு, தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருள்கள் அதிகமிருந்தால் ரோட்டா மருந்து குறைவாகப் பலிப்பதைக் கண்டது. ஆனால் பிறந்தவுடன் வைரஸ் தொற்றிய இந்தியக் குழந்தைகளுக்கு மருந்து கூடுதலாகவே பலித்தது. குடலைத் தவிர்த்து ஊசியாகவே ரோட்டா மருந்தைக் கொடுக்கும் முயற்சியின் பெரிய சோதனை, வாய்வழி மருந்தைவிட மேலானதல்ல என்று தெரிந்து 2022இல் நிறுத்தப்பட்டது. தாயின் எதிர்ப்பொருள், குடலின் நுண்ணுயிர், முதல் தொற்று வந்த வயது ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல, கருவிலிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள் பின்தொடரப்படும் இன்னொரு தலைமுறைக் குழந்தைகள் வேண்டும். மூன்றாண்டுத் திட்டப் பணியில் அதைத் தொடங்க முடியும்; முடிக்க முடியாது.